அழுதால் நுரையீரல் விரியுமா?

வாசகர் கேள்வி:

செவிலியர் படிப்பை முடித்து, குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. நிமோனியா முற்றி, நெஞ்சில் நீர் கோத்து, அதற்குக் குழாய் போட்ட நிலையில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி எங்கள் வார்டில் இருக்கிறாள். வந்த நாள் முதல் என் சீருடையைக் கண்டாலே வீறிட்டு அழுவாள். மூக்கில் வைத்த ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கி எறிவாள். நெபுலைசர் வைக்க மூன்று பேர் பிடிக்க வேண்டியிருக்கும். "அழட்டும் விடு, அழுதால்தான் நுரையீரல் விரியும்" என்பார் மூத்த செவிலியர் ஒருவர். அம்மா பக்கத்தில் இருந்தால் அழுகை கூடுகிறது என்று, ஊசி போடும்போது அவரை வெளியே அனுப்பிவிடுவோம். இப்போது இரண்டு நாளாக அவள் அழுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள். பழகிவிட்டாள் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தைகளின் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும் என்று படித்ததெல்லாம், இத்தனை நோயாளிகளுக்கு நடுவே, இவ்வளவு குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இரண்டு நாளாக அவள் அழுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது காத்திருக்கக் கூடாதது. நிமோனியா முற்றிய குழந்தை அழுது ஆர்ப்பாட்டம் செய்துவிட்டுத் திடீரென்று அடங்கிப் போனால், "பழகிவிட்டாள்" என்று யார் சொன்னாலும் நம்பிக் கடந்து போகாதீர்கள். அந்த அமைதிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மூச்சு வாங்கி வாங்கி உடம்பு ஓய்ந்திருக்கலாம். அல்லது அழுது பயனில்லை என்று மனம் விட்டுப் போயிருக்கலாம். முதலாவது உயிருக்கே ஆபத்து. ஆகவே அதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

படுக்கை அருகே போய், அவளைத் தொடாமல், ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு 50. எண்ணிக்கையோடு நிறுத்த வேண்டாம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறதா, மூச்சை விடும்போது முனகுகிறாளா என்று பாருங்கள். வேகமாக இருந்த மூச்சு, மற்ற அறிகுறிகள் எதுவும் தேறாமல், தானாக மெதுவாகிவிட்டால் அது குணம் அல்ல, களைப்பு. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கிற குழந்தைக்கு ஆக்சிமீட்டரில் நல்ல எண் தெரியும்போதே இரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கலாம். அந்தக் கருவி அதைக் காட்டாது. எனவே எண்ணைப் பார்த்த கையோடு முகத்தையும் பாருங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திரும்புகிறதா? அம்மாவைத் தேடுகிறாளா? ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் விழுங்குகிறாளா? நெஞ்சுக்குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, பாட்டிலில் நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

எழுப்ப எழுப்பச் சரிந்து தூங்கினாலோ, எதையும் குடிக்க முடியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ, ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்கினாலோ அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள். அடுத்த ரவுண்ட்ஸ் வரை வைத்திருக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,180 குழந்தைகளை நிமோனியா கொண்டுபோனது. அந்த வயதில் நேர்ந்த மொத்த மரணங்களில் அது 14 சதவீதம். இந்த நோயில் ஆக்சிஜனும் ஆன்டிபயாடிக்கும்தான் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. குழந்தையின் மனம் கோணாத பராமரிப்பு இவை இரண்டும் உடம்பில் ஒழுங்காகச் சேர்வதற்கான வழி என்பதைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

உடம்பு தேறிக்கொண்டிருக்கிறது, மூச்சு நன்றாகிவிட்டது, ஆனாலும் அவள் சுவரையே பார்க்கிறாள் என்றால், அது மனம் விட்டுப்போன அமைதி. இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1950-களில் பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட சிறு குழந்தைகளைக் கவனித்துப் பதிவு செய்தார். பெற்றோர் வந்து பார்ப்பதற்கு அப்போது அங்கே கடுமையான கட்டுப்பாடு. அந்தக் குழந்தைகள் முதலில் கத்தி அழுதார்கள். பிறகு வாடிச் சுருண்டார்கள். அதற்கும் பிறகு யாரையும் ஒட்டாமல், அம்மாவே வந்தாலும் முகம் கொடுக்காமல் இருந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது கட்டங்களைத்தான் வார்டில் இருந்தவர்கள் "பழகிவிட்டது" என்று எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலனை அங்கே ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை 1959-ல் வெளியானது. அது, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தையோடு தாய் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. உங்களுக்குத் தோன்றியது சரி. அந்தச் சந்தேகத்தை அனுபவம் ஏற ஏற இழந்துவிடாதீர்கள்.

இனி அந்த "நுரையீரல் விரியும்" பேச்சு.

பிறந்த குழந்தையின் முதல் அழுகை நுரையீரலை விரிக்கிறது என்பது உண்மை. கருப்பையில் நீர் நிறைந்திருந்த நுரையீரலுக்குள் அப்போதுதான் முதன்முதலாகக் காற்று போகிறது. அந்த உண்மையை எங்கெங்கோ நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். உங்கள் வார்டில் படுத்திருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்றறைகள் சீழும் நீரும் அடைத்துக் கிடக்கின்றன. வெளியே நெஞ்சுக்கூட்டுக்குள் வேறு நீர். அழுகை என்பது நீளமாக மூச்சை வெளியே விட்டு, நடுவில் அவசரமாகக் கொஞ்சம் இழுப்பது. அப்படி இழுக்கிற காற்று, அடைத்த அறைகளைத் திறக்க உதவாது. அதே நேரத்தில் கை கால் உதைத்துத் திமிறுகிற உடம்புக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. சிறு குழந்தையின் உடம்பு, எடைக்கு எடை பார்த்தால், சாதாரண நேரத்திலேயே பெரியவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. காய்ச்சல் அதை இன்னும் ஏற்றும். அழும்போது காற்றை விழுங்கி வயிறு உப்பும். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். சிறு குழந்தைகள் மூச்சுக்குப் பெரும்பாலும் அந்தத் தசையைத்தான் நம்பியிருக்கிறார்கள். மூக்கில் சளி வேறு பெருகி ஆக்சிஜன் குழாயை அடைக்கும். வரவு குறைந்த நேரத்தில் செலவைக் கூட்டுகிற காரியம் இது.

நெபுலைசர் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. வீறிடும் குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலும் வயிற்றிலும்தான் போய்ச் சேரும். நுரையீரலுக்குள் போவது சொற்பம். மூன்று பேர் பிடித்து மருந்து கொடுத்ததாகச் சார்ட்டில் எழுதிவிடுவோம், குழந்தைக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. அழும்போது எண்ணிய மூச்சும் கணக்கில் வராது. கையை உதறும்போது ஆக்சிமீட்டர் காட்டுகிற எண்ணையும் நம்ப முடியாது. குழந்தை அமைதியாக இல்லாவிட்டால் நமக்குச் சரியான தகவலே கிடைப்பதில்லை. அதை வைத்து டாக்டர் எடுக்கிற முடிவும் தவறலாம். அவளை அமைதிப்படுத்துவதை வேலையெல்லாம் முடிந்த பிறகு செய்கிற அன்புக் காரியமாக நினைக்காதீர்கள். அதுவும் உங்கள் வேலைதான், சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இதில் ஓர் எச்சரிக்கை. எந்த அழுகையையும் பயம் என்றோ பிடிவாதம் என்றோ முடிவு கட்டுவதற்கு முன், ஆக்சிஜன் குறைந்ததால் வந்த தவிப்பா, வலியா என்று பார்த்துவிட வேண்டும். மூச்சு போதாத குழந்தை நிலைகொள்ளாமல் புரளும், மாஸ்க்கைத் தள்ளும். அழுகையை நிறுத்த மயக்க மருந்து கேட்கலாமா என்று சிலர் நினைப்பதுண்டு. மூச்சுக்குப் போராடுகிற குழந்தைக்கு அது மூச்சையே அடக்கிவிடக்கூடும். அந்த எண்ணமே வேண்டாம்.

வலி என்று சொன்னேன். நெஞ்சுக்குழாய் இருக்கும் குழந்தைக்கு வலிக்கிறது என்று அவள் சொல்லாமலே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அசைந்தால் வலிக்கும், இருமினால் வலிக்கும், ஆழமாக மூச்சு இழுத்தால் வலிக்கும். அதனால் அவள் அசையாமல், இருமாமல், மேலோட்டமாக மூச்சுவிட்டுக்கொண்டு கிடப்பாள். சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருப்பதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு வயதுக் குழந்தையிடம் "பத்துக்கு எத்தனை வலி" என்று கேட்டுப் பயனில்லை. சிரிப்பதிலிருந்து அழுவது வரை வரைந்த முகப்படங்களைக் காட்டி, "உன் வலி எந்த முகம்?" என்று கேட்கலாம். பதில் வராவிட்டால் முகச்சுளிப்பு, கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறாளா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுங்கள். வலி மருந்தை "தேவைப்பட்டால்" என்று எழுதியிருந்தால், நேரப்படி கொடுக்கும்படி மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலி குறைந்த பிறகு அவளை எழுப்பி உட்காரவைத்து, ஊதச் சொல்லலாம்: சோப்புக் குமிழி, காகிதக் காற்றாடி, மேசையில் உருளும் பஞ்சு உருண்டை. முதுகைத் தட்டிச் சளி எடுக்கும் பிசியோதெரபி நிமோனியாவுக்கு வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. விளையாட்டாக ஊதும்போது ஆழமான மூச்சு தானாக வரும், வார்டில் அவளுக்குப் பிடித்த காரியமாக ஒன்றாவது இருக்கும். பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே வைத்துக்கொண்டு நாலடி நடக்கவும் வைக்கலாம். குழாய் போட்ட குழந்தை அசையவே கூடாது என்று பல அம்மாக்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது அவள் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். நான்கு வயதில் காரணகாரியம் தெளிவாகப் பிடிபடாது. தான் செய்த, சொன்ன, நினைத்த ஏதோ ஒன்றால்தான் இப்படி ஆனது என்று அந்த வயதுக் குழந்தை எளிதில் நம்பிவிடும். "சொன்ன பேச்சு கேட்காவிட்டால் சிஸ்டர் ஊசி போட்டுவிடுவாங்க" என்று எத்தனை வீடுகளில் சொல்லி வளர்க்கிறார்கள்! அப்படியானால் ஊசியோடு வருகிற நீங்கள் அவளுக்கு யார்? தண்டனை கொடுக்க வருகிறவர். ஆகவே அவளிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்: "நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. உன் நெஞ்சுக்குள்ளே கிருமி போய்விட்டது. அதை வெளியேற்றத்தான் இந்த மருந்து." ஒரு முறை சொன்னால் போதாது. தினமும் சொல்லுங்கள். மிரட்டலுக்கு உங்களைப் பயன்படுத்துகிற பெரியவர்களையும் பணிவாக நிறுத்துங்கள்.

அடுத்தது, அதிக நேரம் தேவைப்படாத ஒன்று. ஒரு டியூட்டியில் ஒரு முறையாவது அவள் படுக்கைக்கு வெறுங்கையோடு போங்கள். ட்ரே வேண்டாம், ஊசி வேண்டாம். உட்கார்ந்து அவள் கண் மட்டத்துக்கு வந்து, அவள் பொம்மையின் பேரைக் கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள். அவள் பதில் சொல்லாவிட்டால் பரவாயில்லை. நீங்கள் வந்தாலே வலி வரும் என்று அவள் மனதில் விழுந்திருக்கும் முடிச்சு அப்போதுதான் தளரத் தொடங்கும். ஸ்டெதஸ்கோப்பை முதலில் பொம்மையின் நெஞ்சில் வையுங்கள், பிறகு அம்மாவின் நெஞ்சில், பிறகு அவளுடையதில். அவள் காதில் மாட்டி அவள் இதயத்தையே கேட்க விடுங்கள். குழந்தைகள் வார்டில் இருக்கும் எந்தக் கருவிக்கும் இது பொருந்தும். ஆக்சிமீட்டரின் சிவப்பு விளக்கு விரலில் ஒட்டுவதற்கு முன் பொம்மையின் விரலில் எரியட்டும். மூக்குக்குழாயின் பழைய துண்டு ஒன்றைப் பொம்மைக்கு ஒட்டிவிடுங்கள். அவளுக்கு வைக்கும்போது கன்னத்தில் ஒட்ட வேண்டிய பிளாஸ்திரியை முதலில் ஒட்டி, பிறகு குழாயை மூக்கில் பொருத்தினால் பிடுங்குவது குறையும். மூக்கு காய்ந்து எரிந்தாலும் பிடுங்குவாள். துவாரங்களை அடிக்கடி பார்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

ஊசிக்கு வருவோம். குழந்தையின் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

அவள் படுக்கையில் வைத்துக் குத்தாதீர்கள். தனி அறை இருந்தால் அங்கே தூக்கிப் போங்கள். இல்லையென்றால் வார்டின் வேறொரு மூலை. படுக்கை என்பது யாரும் நோகடிக்காத இடம் என்ற நம்பிக்கை அவளுக்கு வேண்டும். மற்றப் படுக்கைகளில் இருக்கும் குழந்தைகளுக்கும் அது நல்லது. தூங்கும்போது சத்தமில்லாமல் குத்திவிடுவது சுலபமாகத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவள் கண்ணை மூடவே பயப்படுவாள். ஏற்கெனவே கையில் போட்டிருக்கும் கேனுலா என்ற மெல்லிய குழாய் வழியாக மெதுவாக மருந்து ஏற்றுவது வேறு. அதற்காக எழுப்ப வேண்டியதில்லை. மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன்-பிரிலோகெய்ன் களிம்பு கிடைத்தால், அவசரமில்லாத ஊசிகளுக்கு ஒரு மணி நேரம் முன்பே தடவிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை நினைவில் வைப்பதுதான் கஷ்டம். காலை வேலையைத் திட்டமிடும்போதே அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மல்லாக்கப் படுக்கவைத்துக் கையும் காலும் அமுக்குவதை நிறுத்துங்கள். மூச்சுத் திணறும் குழந்தையை மல்லாத்துவதே அவளுக்குக் கஷ்டம். அம்மாவின் மடியில், அவர் நெஞ்சோடு நெஞ்சு சாய்ந்து உட்காரட்டும். ஒரு கை அம்மாவின் அக்குளுக்குக் கீழே உங்கள் பக்கம் நீளட்டும். அம்மா அணைத்திருப்பார், நீங்கள் அந்தக் கையை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்ளலாம். குழாய் இருக்கும் பக்கம் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் சூப்பும் கையிலும், படம் வரைகிற கையிலும் கேனுலா போடாமல் மற்றக் கையைத் தேடுங்கள். "ஊசி போடட்டுமா?" என்று கேட்காதீர்கள். அவள் வேண்டாம் என்பாள், நீங்கள் போடுவீர்கள், கேட்டதே பொய்யாகிவிடும். உண்மையிலேயே அவள் தேர்ந்தெடுக்கக்கூடியதை மட்டும் கேளுங்கள்: பார்த்துக்கொண்டிருக்கிறாயா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாயா? கதை கேட்கிறாயா, எண்ணுகிறாயா? "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள். "சுருக்கென்று இருக்கும், நான் ஐந்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், நீ அழலாம், கையை மட்டும் அசைக்காதே" என்று சொல்லுங்கள். எண்ணி முடிப்பதற்குள் உண்மையிலேயே முடியாவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒருவர் குரல் மட்டும் கேட்க வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கமிருந்து "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்றால் அதுவே பயமுறுத்தும். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லையென்றால் கையில் பழக்கமுள்ள இன்னொருவரைக் கூப்பிடுங்கள். அதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. கேனுலா மாற்றுகிற நாளிலேயே இரத்தப் பரிசோதனைக்கும் எடுத்துவிடலாமா, தசையில் போடுவதை நரம்பு வழியாகக் கொடுக்கலாமா, காய்ச்சல் இறங்கி வாந்தியில்லாமல் சாப்பிடத் தொடங்கிவிட்டாளே, மருந்தை வாய்வழிக்கு எப்போது மாற்றலாம் என்று ரவுண்ட்ஸில் கேளுங்கள். நெஞ்சில் நீர் கோத்த குழந்தைக்குச் சற்று அதிக நாள்கள் நரம்பு வழி மருந்து தேவைப்படலாம். முடிவு டாக்டருடையது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க, பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் செவிலியரைத் தவிர வேறு யாருக்கும் தோன்றுவதில்லை.

அம்மாவை வெளியே அனுப்புவது பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மா இருந்தால் அழுகை கூடுகிறது என்பது பல நேரம் உண்மைதான். அழுதால் கேட்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வருகிற அழுகை அது. அதற்காக ஆளையே அப்புறப்படுத்தினால் அழுகை குறையும், பயம் இரட்டிப்பாகும். 1988-ல் ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கான பத்து அம்ச சாசனம், எல்லா நேரமும் பெற்றோர் உடனிருப்பது குழந்தையின் உரிமை என்கிறது. ஆனால் அம்மாவை அமுக்கிப் பிடிக்கிற ஆளாக ஆக்கிவிடாதீர்கள். "நீங்கள் அணைத்துக்கொள்ளுங்கள், அவள் காதில் பேசிக்கொண்டே இருங்கள், பிடிப்பது என் வேலை" என்று தெளிவாகப் பிரித்துக் கொடுங்கள். பார்க்கச் சக்தியில்லாத அம்மாக்களும் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அப்பாவோ பாட்டியோ வரட்டும், முடிந்ததும் முதலில் தூக்கிக்கொள்வது அம்மாவாக இருக்கட்டும். குளிக்கவோ சாப்பிடவோ அம்மா போகும்போது குழந்தை தூங்கும் நேரம் பார்த்து நழுவாமல், "போய்விட்டு மருந்து குடிக்கிற நேரத்துக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அழுவாள். ஆனால் சொல்லிவிட்டுப் போன அம்மா திரும்பி வருவார் என்று கற்றுக்கொள்வாள். அவர் உடுத்திய துணி ஒன்று தலைமாட்டில் இருந்தால் ஆறுதல்.

கைக்குழந்தைக்கு இந்தப் பேச்செல்லாம் உதவாது. தோலோடு தோல் அணைப்பும், சுற்றிக் கட்டிய துணியும், நாக்கில் இரண்டு சொட்டு இனிப்புக் கரைசலும்தான் மொழி. மூச்சு வேகமாக இருக்கும்போது வலியைக் குறைக்கிறேன் என்று பால் கொடுக்க வைக்காதீர்கள், புரையேறும். பத்து வயதுக்காரனிடம் எக்ஸ்ரேயைக் காட்டியே விளக்கலாம். "நான் செத்துப்போவேனா?" என்று அவன் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். வளரிளம் பருவத்தினருக்குத் திரைச்சீலை முக்கியம். குழாயைப் பார்க்க ஊரெல்லாம் வந்து நிற்பது அவர்களுக்கு வலியைவிடப் பெரிய வேதனை.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். ஆள் பற்றாக்குறை உண்மை, அதை நீங்கள் ஒருவர் அன்பால் ஈடுகட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். மூன்று பேர் பிடித்து, பிடுங்கியதைத் திரும்ப ஒட்டி, விலகிய கேனுலாவை மறுபடி போட்டு, அலாரத்துக்கு ஓடி வருகிற நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. அம்மாவின் மடியில் மாஸ்க்கை அவளே பிடித்திருக்க, கதை கேட்டுக்கொண்டு முடிகிற நெபுலைசேஷனுக்கு ஒரு ஆள் போதும். இரவில் காய்ச்சல் பார்ப்பது, மருந்து, இடம் மாற்றிப் படுக்க வைப்பது, ஆக்சிமீட்டர் விரலை மாற்றுவது எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே தடவையில் முடித்துவிட்டுத் தொடர்ந்து தூங்க விடுங்கள். தலைமாடு சற்று உயர்ந்திருக்கட்டும். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, அவள் கேட்கும்போது கொடுக்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்கும்போது திணிக்கக் கூடாது.

மூத்தவரிடம் வாதாட வேண்டாம். அவருடைய அனுபவம் உங்களுக்கு இன்னும் பல இடங்களில் தேவைப்படும். "அக்கா, நாளைக்கு இவளை மடியில் வைத்து நெபுலைஸ் பண்ணிப் பார்க்கட்டுமா, நீங்களும் கூட நில்லுங்க" என்று கேளுங்கள். அழும்போது ஆக்சிமீட்டர் காட்டியதையும், மடியில் அமைதியாக இருக்கும்போது காட்டுவதையும் இருவரும் சேர்ந்து பாருங்கள். பிறகு சார்ட்டில் ஒரு வரி சேருங்கள்: இந்தக் குழந்தையை எது அமைதிப்படுத்துகிறது. எந்தப் பாட்டு, எந்தப் பொம்மை, எந்தக் கை, பார்க்க விரும்புகிறாளா, திரும்பிக்கொள்கிறாளா. டியூட்டி மாறும்போது மருந்து அளவோடு அதையும் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் இல்லாத இரவில் அந்த வரிதான் அவளுக்குத் துணை. வார்டில் ஒருவர் மட்டும் கனிவாகவும் மற்றவர்கள் வேறுமாதிரியாகவும் இருந்தால், குழந்தை உங்கள் டியூட்டி முடியும் நேரத்தைப் பார்த்துப் பயப்படத் தொடங்குவாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் மருந்துச் சீட்டோடு அம்மாவிடம் இன்னும் சிலவற்றைச் சொல்லி அனுப்புங்கள். சில வாரங்களுக்கு அவள் படுக்கையை நனைக்கலாம், இரவில் அலறி எழலாம், அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்ளலாம், பழையபடி மழலை பேசலாம். திட்ட வேண்டாம், பெரும்பாலும் தானாகச் சரியாகும். குறையாமல் நீண்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பொம்மைக்கு ஊசி போட்டு, மாஸ்க் மாட்டி, அதட்டி விளையாடுவாள். தடுக்காதீர்கள், நடந்ததை அவள் அப்படித்தான் செரித்துக்கொள்கிறாள். இருமல் சில வாரம் இருக்கலாம். ஆனால் மறுபடி காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வேகமானாலோ, விலாவில் குழி விழுந்தாலோ, சாப்பிடாமல் துவண்டாலோ உடனே கொண்டுவர வேண்டும். ஆன்டிபயாடிக்கைச் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்கக் கூடாது. விட்டுப்போன தடுப்பூசி இருந்தால், நியுமோகாக்கல், ஹிப், தட்டம்மை ஊசிகளில் எது பாக்கி என்று பார்த்துப் போட்டுவிட வேண்டும்.

நெஞ்சில் நீர் கோத்திருந்ததால் சில வாரங்களில் மறுபடியும் எக்ஸ்ரேவுக்கு வரச் சொல்லலாம். அன்றைக்கு ஊசி இல்லையென்றால் வீட்டிலேயே அவளிடம் அதைச் சொல்லிக் கூட்டிவரச் சொல்லுங்கள். ஊசி உண்டென்றால், அதையும் அன்று காலையிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.